டி.வி.யைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள்!

டி.வி. வாங்குவதைப் பற்றி ஒரு சித்த வைத்தியர் ஏன் எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. கழுத்து வலி என்று வருகிறவர்களுக்கு நாடி பார்த்து முடித்ததும், "வீட்ல டி.வி.யை எங்கே மாட்டியிருக்கீங்க?" என்று கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. பல பேருக்குக் கை மேலே போகும். டியூப் லைட்டுக்குப் பக்கத்தில், கிட்டத்தட்ட சாமி படத்தின் உயரத்தில்!

பழைய டி.வி.யில் இந்தத் தொல்லை இல்லை. 2006 செப்டம்பர் 15-ல் தொடங்கி, தமிழக அரசு ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 14 இஞ்ச் கலர் டி.வி. இலவசமாகக் கொடுத்ததே, நினைவிருக்கிறதா? முதுகு புடைத்த கனமான பெட்டி. ஸ்டூலிலோ மேஜையிலோதான் உட்காரும். அதனால் படம் தானாகவே கண் மட்டத்துக்கு வந்தது. இப்போது பத்தாயிரம், பதினைந்தாயிரத்துக்கு வரும் தட்டை டி.வி. மெலிசு, லேசு. நாலு ஸ்க்ரூ போட்டால் சுவரில் ஏறிவிடுகிறது. ஏறினது டி.வி., வலி நம் கழுத்துக்கு!

திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேர் அச்சு இற்றுப்போன இடம் என்பதால்தான் எங்கள் ஊருக்கு அச்சிறுபாக்கம், அதாவது அச்சரப்பாக்கம் என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் சொல்லும். உடம்பு என்னும் தேருக்குக் கழுத்தும் ஓர் அச்சுதான். சகன வாதம் என்று எங்கள் சித்த மருத்துவம் சொல்லும் கழுத்து நோய்க்கு டி.வி.தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வயசாகித் தேய்ந்த கழுத்தைத் தினமும் இரண்டு மணி நேரம் அண்ணாந்து வைத்திருந்தால், எந்தத் தைலம்தான் என்ன செய்யும்?

கணக்கு சுலபம். நாற்காலியில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து சுமார் மூன்றரை அடி உயரத்தில் இருக்கும். பாயில் உட்கார்ந்தால் இரண்டரை அடி. திரையின் நடுப்பகுதி அந்த உயரத்தை ஒட்டி இருக்கட்டும். மேஜையில் வைப்பதே நல்லது. ஒரு எச்சரிக்கை: இந்த டி.வி.க்களுக்கு இரண்டு ஓரத்திலும் கால் இருப்பதால், மேஜை நீளம் போதுமா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். குழந்தை பிடித்து இழுத்தால் லேசான டி.வி. சட்டென்று சாய்ந்து மேலே விழும். பின்பக்கம் ஒரு பட்டை போட்டுச் சுவரோடு கட்டிவிடுங்கள்.

அடுத்தது காது. தட்டை டி.வி.யில் முன்பக்கம் ஸ்பீக்கருக்கு இடமில்லை. பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோதான் வைக்கிறார்கள். அட்டைப் பெட்டியில் '20 வாட்ஸ்' என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். வயதானவர்களுக்கு முதலில் குறைவது கீச்சு ஒலிகளைக் கேட்கும் திறன். ச, ஸ போன்ற எழுத்துக்கள் காதில் விழாது. சத்தம் கேட்கும், வார்த்தை புரியாது. தாத்தா ரிமோட்டை எடுத்து வால்யூமைக் கூட்டுவார், மருமகள் முகம் சுளிப்பார், படிக்கிற பிள்ளை கதவைச் சாத்தும். இது மாமனார் மருமகள் சண்டை இல்லை, ஸ்பீக்கர் சண்டை! கடையில் பாட்டுப் போட்டுக் காட்டினால், "செய்தி வைங்க" என்று கேளுங்கள். முடிந்தால் வீட்டுப் பெரியவரையும் கூட்டிப்போங்கள்.

இனி கண். கடையில் கண்ணைப் பறிக்கிற மாதிரி 'விவிட்' என்ற அமைப்பில் ஓட்டுவார்கள். பத்து டி.வி.க்கு நடுவில் தனியாகத் தெரிய வேண்டுமே! வீட்டுக்கு வந்ததும் 'ஸ்டாண்டர்டு' அல்லது 'சினிமா'வுக்கு மாற்றுங்கள். இருட்டறையில் பார்க்காமல் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். ஜன்னலுக்கு எதிரே வைத்தால் திரையில் ஜன்னல்தான் தெரியும். பக்கவாட்டில் நின்று பார்த்து, நிறம் வெளுக்கிறதா என்றும் கவனியுங்கள். நம் வீட்டு ஹாலில் எல்லோரும் நேர் எதிரே உட்கார முடியாதே!

43 இஞ்சில் 4 கே வேண்டுமா என்று கேட்கிறார்கள். ஆறடிக்கு அப்பால் உட்கார்ந்தால் ஃபுல் எச்.டி.க்கும் அதற்கும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. அந்தப் பணத்தில் முன்னோக்கிப் பேசும் ஒரு ஸ்பீக்கர் வாங்கிவிடலாம்.

பிள்ளை திரைக்கு ஒட்டிப் போய் நின்றால் அதட்டாதீர்கள். டி.வி. கண்ணைக் கெடுத்ததா, கண் சரியாகத் தெரியாததால் டி.வி.கிட்டே போகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் வேலை கண் பரிசோதனை. பொன்னாங்கண்ணிக் கீரை தாராளமாகக் கொடுங்கள், ஆனால் அது கண்ணாடிக்குப் பதில் இல்லை. ஒரு வயது முடியாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது.

சித்த மருத்துவம் அடக்கக் கூடாத 14 வேகங்களில் நித்திரையையும் சேர்த்திருக்கிறது. ஒன்பதரை மணிக்குக் கொட்டாவி வந்தும், "இந்த ஒரு எபிசோடு மட்டும்" என்று உட்கார்ந்தால் மறுநாள் கண் எரிச்சல், தலைக்கனம், மலச்சிக்கல்.

ஆகவே கடைக்காரர் எத்தனை இஞ்ச் என்று கேட்கட்டும். நீங்கள் வீட்டிலேயே ஒரு டேப்பை எடுத்து, உட்கார்ந்த நிலையில் உங்கள் கண் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று அளந்துகொண்டு போங்கள். டி.வி.க்கு உத்தரவாதம் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ தருவார்கள். கழுத்துக்கு யாரும் தரமாட்டார்கள்!