கிரேடு ஒன் தானே, விடுங்க சார்!

நம்ம ஆட்கள் நாலு பேர் கூடினால் இப்போதெல்லாம் ஸ்கேன் ரிப்போர்ட் பேச்சுதான். "ஃபேட்டி லிவர், கிரேடு ஒன்னாம். எல்லாருக்கும் இருக்காம், ஒண்ணும் பண்ண வேண்டாமாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஜாங்கிரிக்குக் கை நீட்டுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எல்லாருக்கும் இருப்பது என்ன ஆறுதல் ஐயா? இத்தனை பேருக்கு இருப்பதால்தானே 2021-ல் மத்திய அரசு இதைத் தேசியத் தொற்றா நோய்த் திட்டத்தில் சேர்த்தது?

ஸ்கேனில் வரும் கிரேடு, கொழுப்பின் அளவு. ஈரலின் கதியைத் தீர்மானிப்பதோ தழும்பு (ஃபைப்ரோசிஸ்). ஆரம்பத் தழும்பு சாதாரண ஸ்கேனில் தெரியாது. எஸ்ஜிபிடி நார்மலாக இருந்தும் தழும்பு இருக்கலாம்.

ஸ்வீடனில் பயாப்ஸி செய்துகொண்ட 10,000-க்கும் மேற்பட்டவர்களைப் பல வருடம் தொடர்ந்த ஆய்வு 2021-ல் வந்தது. வெறும் கொழுப்பு மட்டும் இருந்தவர்களிடமே இறப்பு விகிதம் சுமார் 70 சதவீதம் கூடுதல். சிரோசிஸ் வந்தவர்களிடம் மூன்று மடங்குக்கும் மேல். பயாப்ஸி வரை போனவர்கள் கணக்கு நம் எல்லாருக்கும் அப்படியே பொருந்தாது. பெரும்பாலோருக்கு சிரோசிஸ் வராது என்பதும் உண்மை. ஆனால் பொதுவாக இந்த நோயாளிகளை அதிகம் கொண்டுபோவது ஈரலே இல்லை, இதயம்! அதற்கு என்ன பதில்?

"நான் குடிக்கிறதே இல்லையே", "குண்டாக்கூட இல்லையே" என்பதெல்லாம் செல்லாது. ஒல்லியாகத் தெரிபவருக்கும் வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரையும் போதும்.

இன்னொரு கோபம், மாஸ்டர் செக்கப் பேக்கேஜ்கள் மேல். ஃபிப்-4 என்று ஒரு கணக்கு உண்டு. வயதை எஸ்ஜிஓடியால் பெருக்குங்கள். அதை, பிளேட்லெட்டையும் (1.8 லட்சம் என்றால் 180) எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வரும் தொகையால் வகுங்கள். வயது 48, எஸ்ஜிஓடி 50, எஸ்ஜிபிடி 36, பிளேட்லெட் 180 என்றால் 2.22. 1.3-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. மேலே போனால் டாக்டரிடம் ஃபைப்ரோஸ்கேன் பற்றிக் கேட்க வேண்டும். பி.காம். படித்தவன் போடுகிற கணக்கு இது. நாலு எண்ணும் அதே ரிப்போர்ட்டில் இருக்கின்றன. ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர்கள் இந்த ஒரு வரியை அச்சிட்டால் என்ன?

வங்கியில் 90 நாள் தவணை வராவிட்டாலே வாராக்கடன் என்று எழுதிவிடுகிறோம். ஈரல் பத்து, இருபது வருடம் தவணை கொடுக்கிறது. எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் கொழுப்பும் வீக்கமும் குறையும். 10-ஐத் தொட்டால் தழும்பே பின்வாங்க வாய்ப்புண்டு. 80 கிலோக்காரருக்கு 8 கிலோ, அவ்வளவுதான்.

அடுத்த முறை டாக்டரிடம் கிரேடு என்ன என்று கேட்காதீர்கள். தழும்பு இருக்கிறதா, இதயம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். என்னைத் திட்ட நினைப்பவர்கள் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.