ஓதல் யாருடைய சொல்?



பிள்ளைகளின் குர்ஆன் போட்டிக்கு நோட்டீஸ் எழுதும்போது ஒரு சின்னத் தர்க்கம் வந்தது. "ஓதல் போட்டி" என்று எழுதியிருந்தோம். ஒரு தம்பி, "சேர், ஓதுவார் எண்டு கோயில்லதானே சொல்ற. கிராஅத் போட்டி எண்டு போடுவம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எங்களுக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

தலைவன் வீட்டைப் பிரிந்து போவதற்கான காரணங்களில் ஒன்றாக ஓதலைத் தொல்காப்பியம் சொல்கிறது. அதாவது, கற்கப் போவது. இன்றைய பள்ளிக்கூடத் தமிழில் அந்தப் பொருள் தேய்ந்துவிட்டது. ஒலுவில் கெம்பஸில் "ஓதுகிறேன்" என்று எந்தப் பிள்ளையும் சொல்வதில்லை. ஆனால் நம் உம்மாமாரைக் கேளுங்கள். "மகன் ஓதப் போயிருக்கான்" என்பார்கள். அரபுக் கல்லூரியில் தங்கி வருசக்கணக்காகப் படிக்கிறான் என்று அர்த்தம். "ஓதிப் படிச்ச மனிசன்" என்றால் விசயம் தெரிந்தவர். தொல்காப்பியர் சொன்ன பொருளை வீட்டுப் பேச்சில் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் நாம். அதையா நாமே வேண்டாம் என்பது?

இது தமிழுக்கு மட்டும் உரிய வினையும் அல்ல. கன்னடத்தில் பேப்பர் வாசிப்பதும் சோதனைக்குப் படிப்பதும் 'ஓது'தான். கேரளத்து முஸ்லிம்கள் பிள்ளைகளுக்குக் குர்ஆன் சொல்லிக்கொடுக்கும் இடத்தை 'ஓத்துப்பள்ளி' என்றார்கள்.

ஐரோப்பாவிலும் இப்படி ஒரு வினை உண்டு. லத்தீன் மொழியின் 'லெகெரே' முதலில் பொறுக்கிச் சேர்ப்பதைக் குறித்தது, பிறகு எழுத்தைச் சேர்த்து வாசிப்பதையும் குறித்தது. பிரெஞ்சு, ஸ்பானிய, இத்தாலிய மொழிகளின் 'வாசி' எல்லாம் அதன் பிள்ளைகள். நம் பிள்ளைகள் கட் அடிக்கும் 'லெக்சர்' கூட அதில் வந்ததுதான்! ஜெர்மன் மொழியில் 'லேசன்' என்றால் வாசிப்பது, திராட்சை பறித்துச் சேர்ப்பதற்கும் அதே வினை. 'இக்ரஃ', 'குர்ஆன்', 'கிராஅத்' மூன்றுக்கும் வேரான அரபு வினைக்கும் சேர்த்தல் என்ற பொருளைச் சொன்ன அகராதிக்காரர்கள் இருக்கிறார்கள். அதே வேர் ஹீப்ரு மொழியிலும் இருக்கிறது. அங்கே அழைப்பதும் வாசிப்பதும் ஒரே வினை. யூதர்களிடமும் இருக்கிறது என்பதற்காக நாம் 'இக்ரஃ'வை விட்டுவிடவில்லை.

கோயில் சொல் என்று கழிக்கத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது? தொழுகை, நோன்பு எல்லாம் நமக்கு முன்பிருந்தே தமிழில் இருந்தவை. 'பள்ளி' என்பது சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடத்துக்கும் பெயர். அப்போது பள்ளிவாசலுக்கு என்ன பெயர் வைப்பது?

ஆலையடிவேம்பில் தேவாரம் ஓதுகிறார்கள். தொட்டுக்கொண்டிருக்கும் அக்கரைப்பற்றில் நாம் யாசீன் ஓதுகிறோம். பிள்ளை பயந்தால் "தண்ணி ஓதித் தாங்க" என்று நம் லெப்பைமாரிடம் வந்து நின்ற தமிழ்த் தாய்மாரை நம்மில் மூத்தவர்கள் கண்டிருப்பார்கள். (தண்ணீர் ஓதுவது சரியா பிழையா என்ற சண்டையைக் கமெண்டில் தொடங்கிவிடாதீர்கள், அது வேறு கதை.) என்ன கேட்கிறோம் என்பதை இரண்டு பக்கத்துக்கும் விளக்கத் தேவைப்படவில்லை. பிரச்சினைக் காலத்தில் பாதைகள் மூடின, போக்குவரத்து நின்றது. அந்தச் சொல் மட்டும் இரண்டு ஊரிலும் அப்படியே இருந்தது.

கிராஅத் நல்ல சொல். யாரும் அதை மறுக்கவில்லை. கடைசியில் நோட்டீஸில் "குர்ஆன் ஓதல் (கிராஅத்) போட்டி" என்று போட்டோம். தம்பியும் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

உங்கள் வீட்டில் மூத்தம்மாமார் 'ஓது' வைத்து வேறென்ன சொல்வார்கள்? கேட்டு எழுதுங்கள்.