காரில் கிளம்பும் முன்னே...

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாச்சு என்றால் நம் வீடுகளில் முதல் பேச்சு, "எப்ப கிளம்பறோம்?" என்பதுதான். முன்பெல்லாம் ரெயில், இல்லாவிட்டால் பஸ். இப்போது கடன் வாங்கியாவது வாசலில் ஒரு கார் நிற்கிறது. "நம்ம வண்டியிலேயே போயிடலாமே, நினைச்ச இடத்தில் நிறுத்தலாம்" என்று ஆண்கள் ஆரம்பித்துவிடுகிறார்கள். சௌகரியம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் ரெயிலில் நம்மைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்கிற பொறுப்பு வேறொருத்தருடையது. காரில் அது முழுக்க நம் தலையில்.

ஒரு வாசகி எழுதியிருக்கிறார். எட்டு மாதக் கைக்குழந்தை. சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் புகுந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போக வேண்டும். குழந்தைக்கென்று தனி சீட் வாங்கி வைத்திருக்கிறாராம். மாமியாரோ போனில், "பச்சைக் குழந்தையை யாராவது கட்டிப் போடுவாளா? மடியில் வச்சுக்கோ, அதைவிடப் பத்திரமான இடம் ஏது?" என்கிறாராம். கணவரோ வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து வந்து ராத்திரியே கிளம்பிவிடலாம் என்கிறாராம். "இரண்டு பேரிடமும் நான் என்ன சொல்லட்டும் அக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

முதலில் மாமியார் விஷயம். அவர் சொல்வதில் பாசம் இருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஓடுகிற காருக்கு மடி உதவாது. கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் எதிலாவது மோதி நிற்கிறது என்று வையுங்கள். கார் நின்றுவிடும். உள்ளே இருக்கிறவர்கள் அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் போய்க்கொண்டிருப்பார்கள். அந்தக் கணத்தில் எட்டு கிலோக் குழந்தை நம் கையை இழுக்கிற இழுப்பு நூறு கிலோவையும் தாண்டிவிடும். ஒரு மூட்டை அரிசியைக் கையில் பிடித்து நிறுத்த முடியுமா நம்மால்? பெற்ற தாயின் கையானாலும் நிற்காது. அதைவிட மோசம், பெல்ட் போடாமல் குழந்தையை மடியில் வைத்திருந்தால் நம் உடம்பின் பாரமும் சேர்ந்து குழந்தையின் மேல்தான் விழும். ஒரே பெல்ட்டுக்குள் குழந்தையையும் சேர்த்துப் போட்டுக்கொள்வதும் கூடாது. அப்போதும் நடுவில் நசுங்குவது குழந்தைதான்.

ஆகையால் தங்கையே, அந்த சீட்டிலேயே உட்கார வையுங்கள். பின் சீட்டில், குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்க்கிற மாதிரி. கைக்குழந்தைக்குத் தலை பெரிது, கழுத்து துவண்டது. திடீரென்று பிரேக் போட்டால் முதுகும் தலையும் சேர்ந்தாற்போல் சீட்டில் சாய வேண்டும் என்பதற்காகத்தான் இப்படி. குறைந்தது ஒன்றேகால் வயசு வரைக்குமாவது, சீட் இடம் கொடுத்தால் அதற்கு மேலும், இப்படியே வைக்கலாம். முன் சீட்டில் மட்டும் வைத்துவிடாதீர்கள். பெரியவர்களைக் காப்பாற்ற வெடித்து விரிகிற காற்றுப் பை, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்த குழந்தைக்கு எமன்.

"அழுமே?" என்பீர்கள். அழும். கிளம்புகிற அன்றைக்குப் புதுசாக உட்கார வைத்தால் ஊரைக் கூட்டும். அதனால் ஒரு வாரம் முன்பே அந்த சீட்டை வீட்டுக் கூடத்தில் வைத்து, அதில் உட்கார வைத்துக் கிலுகிலுப்பை காட்டிப் பழக்குங்கள். பால் கொடுக்க வேண்டுமானால் பெட்ரோல் பங்க், ஹோட்டல் என்று பத்திரமான இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு எடுத்துக் கொடுங்கள். பத்து நிமிஷம் தாமதமானால் தாலி கட்டுவதை யாரும் நிறுத்திவிட மாட்டார்கள்! மாமியாரிடம், "சட்டமே இருக்கு அத்தே" என்று சொல்லிப் பாருங்கள். பதினாலு வயசுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் காரில் கூட்டிப் போனால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. சில பெரியவர்களுக்கு டாக்டர் சொன்னால் ஏறாது, போலீஸ் என்றால் ஏறும்.

குழந்தைக்குச் சொல்லிவிட்டு நாம் சும்மா உட்காரலாமா? பின் சீட்டில் பெல்ட் போடுகிற பழக்கமே நமக்குக் கிடையாது. பட்டுப்புடவை கசங்கும் என்று ஒரு சாக்கு. 2022 செப்டம்பரில் மகாராஷ்டிராவில் பால்கர் அருகே, டாடா சன்ஸ் கம்பெனியின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி வந்த கார் பாலத்துத் தடுப்பில் மோதியது ஞாபகம் இருக்கும். உயர்ந்த ரகக் கார்தான். முன் சீட்டில் இருந்த இருவரும் காயத்தோடு பிழைத்தார்கள். பின் சீட்டில் இருந்த அவரும் இன்னொருவரும் இறந்துபோனார்கள். பின்னால் இருந்த இருவருமே பெல்ட் போடவில்லை என்று போலீஸ் சொன்னது. புடவைக் கசங்கலை இஸ்திரி போட்டு எடுத்துக்கொள்ளலாம்.

பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களும் பெல்ட் போட வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றின் மேலே வரக்கூடாது. வயிற்றுக்குக் கீழே, இடுப்பு எலும்பை ஒட்டி வர வேண்டும். மேல்பட்டை இரு மார்புக்கும் நடுவே வந்து, வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். டாக்டர் பிரயாணமே வேண்டாம் என்றால் அது வேறு சமாசாரம்.

அடுத்தது கணவர் விஷயம். இதைக் கொஞ்சம் பதமாகத்தான் பேச வேண்டும், ஏனென்றால் "நான் ஓட்டாத வண்டியா?" என்று வரும். அவர் ஓட்டுகிற திறமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் திருநெல்வேலி 600 கிலோமீட்டருக்கு மேல். நாள் முழுக்க ஆபீஸில் உழைத்த உடம்பு, ராத்திரி இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிக்குள் தூக்கத்துக்குக் கெஞ்சும். கண்ணைத் திறந்துகொண்டே ஒரு கணம் தூங்கிப்போகிறவர்கள் உண்டு. 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு வண்டி 25 மீட்டர் போய்விடும். இரண்டு வினாடி கண் அயர்ந்தால் 50 மீட்டர், அந்த ஐம்பது மீட்டருக்குள் பின்விளக்கு எரியாத லாரி ஒன்று ஓரத்தில் நின்றுகொண்டிருக்கும். பாட்டைச் சத்தமாக வைப்பதும் ஜன்னலை இறக்குவதும் தூக்கத்தைப் போக்காது. டீ கொஞ்ச நேரம் தாங்கும், அவ்வளவுதான். தூக்கத்துக்கு மருந்து தூக்கமே. வெள்ளி ராத்திரி நிம்மதியாகப் படுத்து, சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பச் சொல்லுங்கள். இரண்டு மணிக்கு ஒரு தரம் நிறுத்திக் காலை நீட்டட்டும். முன் சீட்டில் உட்கார்கிறவர் யாரானாலும் குறட்டை விடாமல் அவரோடு பேசிக்கொண்டு வரட்டும்.

இனி நாம் மூட்டை கட்டுகிற லட்சணம்! கல்யாணத்துக்கு என்றால் குத்துவிளக்கு, பித்தளைக் குடம், சீர்த்தட்டு எல்லாம் ஏறும். டிக்கியில் இடமில்லை என்று பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற பலகையில் குத்துவிளக்கைப் படுக்க வைக்கிற மகராசிகள் இருக்கிறார்கள். பிரேக் போட்டால் அது யார் பிடரியைத் தேடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கனமானதெல்லாம் டிக்கியின் அடியில் போகட்டும். டிரைவர் காலடியில் செருப்பு, தண்ணீர் பாட்டில், குழந்தையின் பந்து எதுவும் உருளக்கூடாது. பாட்டில் பிரேக்குக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

டயரை நாமும் பார்க்கலாம், பெரிய வித்தை இல்லை. காற்று எவ்வளவு என்று டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பே பிடிக்க வேண்டும். ஸ்டெப்னிக்கும் சேர்த்துத்தான்! பலபேர் வீட்டு ஸ்டெப்னி, அவசரத்துக்கு எடுத்தால் அப்பளமாக இருக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் தயாரானது என்று அர்த்தம். வயசான டயரோடு வெயில் காலத்தில் நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள்.

நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் எமர்ஜென்சி விளக்கைப் போட்டுவிட்டு, எல்லோரும் இடது பக்கமாக இறங்கி, ரோட்டோரக் கம்பித் தடுப்பைத் தாண்டிப் போய் நில்லுங்கள். வெயிலோ மழையோ, ரோட்டில் நிற்கிற வண்டிக்குள் உட்கார்ந்திருக்கக் கூடாது. அதேபோல டீக்கடையில் நிறுத்தும்போது, "தூங்கறான், எழுப்ப வேண்டாம்" என்று குழந்தையைக் காருக்குள் விட்டுப் போகாதீர்கள். வெயிலில் நிற்கிற காருக்குள் பத்தே நிமிஷத்தில் பத்து டிகிரி ஏறிவிடும்.

மாத்திரை, பிளாஸ்திரி, உப்பு சர்க்கரைப் பொட்டலம், டார்ச் இதெல்லாம் உங்களுக்கே தெரியும். பெரியவர்களின் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் மட்டும் டிக்கியில் வேண்டாம், உங்கள் கைப்பையில் இருக்கட்டும். ஒரு சீட்டில் எல்லோருடைய ரத்தப் பிரிவும் இரண்டு உறவினர் போன் நம்பரும் எழுதி அதே பையில் வையுங்கள்.

ஆம்புலன்ஸுக்கு 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. கூப்பிட்டால் முதல் கேள்வி, "எங்கே இருக்கீங்க?" என்பதுதான். அந்தப் பதற்றத்தில் ஊர் பேர் வராது. கடைசியாகத் தாண்டிய டோல்கேட்டையும் ஓரத்துக் கிலோமீட்டர் கல்லையும் அவ்வப்போது கவனித்து வாருங்கள், பெரிய குழந்தைகளுக்கு இதையே விளையாட்டாக வைத்துவிடலாம். தமிழ்நாட்டுக்குள் விபத்து நேர்ந்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்று 2021 டிசம்பரில் தொடங்கிய அரசுத் திட்டம் இருக்கிறது. பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் அது உண்டு, வெளிமாநிலத்தாருக்கும் உண்டு. பணம் கட்டினால்தான் என்று யாராவது சொன்னால் இதைக் கேளுங்கள்.

வழிக்குக் கட்டுகிற சாப்பாடு பற்றியும் எழுத நினைத்தேன், பக்கம் நிறைந்துவிட்டது. மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் புளியோதரையும் அடுத்த இதழில். அதுவரை, கெட்டிச் சட்னியை மட்டும் கட்டாதீர்கள், பத்து மணிக்குள் புளித்துவிடும்.