‘போகப் போகச் சரியாகிவிடும்’

நம் ஊர்ப்பக்கம் அப்பத்தாவோ அமுச்சியோ பலகையில் கால் நீட்டி அமர்ந்து, அந்தக் கால்களின்மேல் பேரக்குழந்தையைக் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது வழக்கம். மூளை முடக்குவாதத்தின் முதல் அடையாளங்கள் பல வேளைகளில் அங்கேதான் தென்படுகின்றன. தொடைகளை விரித்துக் கழுவ முடிவதில்லை. ஒரு கை மட்டும் எப்போதும் மூடியே இருக்கிறது. உடல் வில்லாக வளைந்து விறைக்கிறது. மருத்துவருக்கு முன்பே பாட்டி கண்டுகொள்கிறார். ஆனால் அவர் கண்டது, ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்ற ஆறுதலில் கரைந்துவிடுகிறது. சில வேளைகளில் அந்த ஆறுதலை மருத்துவர்களே சொல்லி அனுப்புகிறார்கள். அது தவறான ஆறுதல் என்பது என் கருத்து.

செரிபிரல் பால்சி எனப்படும் இந்நிலை, வளரும் மூளைக்குக் கருவிலோ பிறப்பின்போதோ குழந்தைப் பருவத்தின் தொடக்கத்திலோ நேர்ந்த பாதிப்பால் அசைவு குன்றுவதாகும். மூளையின் பாதிப்பு பெருகுவதில்லை. ஆனால் கவனியாது விட்டால் தசைகளும் மூட்டுகளும் ஆண்டுக்கு ஆண்டு இறுகும். குறைப்பிரசவம், பிறந்தவுடன் அழாமை, கடும் மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் ஆகியவை அறியப்பட்ட காரணங்கள். இவற்றுள் எதுவுமே இல்லாத குழந்தைகளும் பலர். 1862இல் லண்டன் மருத்துவர் வில்லியம் லிட்டில் இதனைக் கடினமான பிரசவத்தோடு தொடர்புபடுத்தினார். நரம்பியல் மருத்துவராகவும் விளங்கிய சிக்மண்ட் பிராய்டு 1897இல், கருவிலேயே நேர்ந்துவிட்ட குறைதான் பிரசவத்தைக் கடினமாக்கியிருக்கலாமே என்று மறுத்துக் கேட்டார். நம் வீடுகளிலோ, ‘கிரகணத்தன்று வெளியே வந்தாள்’, ‘நிறைமாதத்திலும் தறிக்குப் போனாள்’ என்று தாயைக் குற்றவாளியாக்கும் பேச்சு இன்னும் ஓயவில்லை. அந்தப் பேச்சுக்கு அஞ்சியே குழந்தையை வெளியே காட்டாத தாய்மார்கள் உண்டு.

குறைகளைப் பெருமைகளாகப் பார்ப்பது மற்றொரு தடை. ‘பத்து மாதத்திலேயே இடக்கைப் பழக்கம் வந்துவிட்டது’ என்று பெற்றோர் சிரித்துக்கொண்டே கூறுவர். ஒரு வயதுக்கு முன் எந்தக் குழந்தைக்கும் ஒரு கை மட்டும் முந்தக் கூடாது. முந்தினால் மறு கையைப் பரிசோதிக்க வேண்டும். ‘மடியில் நிறுத்தினால் கம்பம்போல் நிற்கிறான், கெட்டிக்காரன்’ என்பர். குதிகால் பதியாமல், கால்கள் கத்தரிபோல் பின்னிக்கொண்டால் அது வலிமையன்று, விறைப்பு. துணிபோல் துவண்டு கிடக்கும் குழந்தைக்கு ‘சாதுப் பிள்ளை’ என்று பெயர். நான்கு மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை, விரல்கள் பிரியவில்லை, ஒன்பது மாதம் முடிந்தும் தானாக உட்காரவில்லை என்றால் காத்திருப்பதற்கு நியாயமில்லை. குறைமாதக் குழந்தைக்கு, மருத்துவர் குறித்துத் தந்த பிரசவத் தேதியிலிருந்து வயதைக் கணக்கிடுங்கள்.

முன்பெல்லாம் ஒரு வயது, இரண்டு வயது வரை பார்த்துவிட்டே இந்நோயின் பெயரைச் சொல்வது வழக்கம். 2017இல் பன்னாட்டு வல்லுநர்கள் வெளியிட்ட பரிந்துரை அதனை மாற்றியது: ஆறு மாதத்துக்கு முன்பே கண்டறிய இயலும், உறுதியாகாவிடினும் ‘மிகுந்த வாய்ப்புள்ள குழந்தை’ என்று குறித்துப் பயிற்சியை உடனே தொடங்கலாம். மூன்று முதல் ஐந்து மாதத்துக்குள் குழந்தை ஓய்வாகப் படுத்திருக்கையில் அதன் இயல்பான அசைவுகளைச் சில நிமிடங்கள் நோக்குவதும், கையால் செய்யும் ஹேமர்ஸ்மித் நரம்பியல் பரிசோதனையும் இதற்குப் பெரிதும் உதவும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் தேவைதான், ஆனால் இந்நோயுள்ள பத்துப் பேரில் ஒருவருக்கேனும் அது இயல்பாகவே வரும். ஸ்கேனுக்குப் பணம் சேரட்டும் என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுவது வீண். மேலும், தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு போன்ற மருந்துக்குக் கட்டுப்படும் நிலைகளும் வளர்ச்சியைத் தாமதப்படுத்தும். கற்றதை மறந்துகொண்டே போகும் குழந்தைக்கு வேறு நோய் இருக்கலாம்.

‘பெயர் மட்டும் எழுதிவிடாதீர்கள், இவன் அக்காவுக்கு வரன் பார்க்க வேண்டும்’ என்று கைகூப்பும் தந்தையரின் அச்சம் பொய்யன்று. எனினும் பெயர் எழுதாமல் எந்தக் கதவும் திறப்பதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்ற 21 வகைகளுள் மூளை முடக்குவாதமும் ஒன்று. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கும் சான்றிதழ் வேண்டும்.

வாரம் இருமுறை ஷிப்டை இழந்து, இரண்டு பேருந்து மாறிப் பயிற்சிக்கு வருவது எளிதன்று என்பதை அறிவேன். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர்களை வீடுகளுக்கே அனுப்பித் தாய்க்குக் கற்பிக்கிறது. விசைத்தறியும் பனியன் கம்பெனியும் நிறைந்த நம் பகுதிக்கு இத்தகைய ஏற்பாடே பொருந்தும் என்பேன். குழந்தையை எப்படித் தூக்குவது, எப்படி உட்கார்த்திச் சோறூட்டுவது, மூடிய கையை விளையாட்டில் எப்படிச் சேர்ப்பது என்பவைதாம் பயிற்சியின் பெரும்பகுதி. விறைத்த காலை எண்ணெயிட்டு இழுத்து உருவுவது பயிற்சியாகாது.

ஐயம் இருப்பின், பிறந்தபோது தந்த டிஸ்சார்ஜ் அட்டையையும், குழந்தை வீட்டில் படுத்து விளையாடுவதைக் கைப்பேசியில் எடுத்த இரண்டு நிமிட வீடியோவையும் கொண்டு வாருங்கள். ஆடி கழியட்டும், மொட்டை போட்ட பின் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல், இந்த வாரமே வாருங்கள்.