விட நினைப்பவருக்குத் துணை நில்லுங்கள்



புகைப்பழக்கத்தை விட நினைப்பவரிடம் "மனசு வெச்சா முடியும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இது நியாயமில்லை. நிறுத்திய முதல் சில நாட்களில் எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல் எல்லாம் உச்சத்தில் இருக்கும். அடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். அந்த நாட்களில் அவர் வள்ளென்று விழுந்தாலும் வீட்டார் பொறுத்துக்கொள்ள வேண்டும். "இதுக்கு நீ பிடிச்சுக்கிட்டே இருந்திருக்கலாம்" என்ற ஒரு சொல் போதும், மறுபடி பெட்டிக்கடைக்குப் போய்விடுவார்.

வீட்டைவிட டீக்கடைதான் எனக்குக் கவலை. எங்கள் பட்டறையில் லேத் ஓட்டும் அண்ணன் ஒருவர் சிகரெட்டை நிறுத்தியபோது, கூட வேலை செய்பவர்கள் பதினோரு மணி டீயை உள்ளேயே வரவழைத்தார்கள். யாரும் அறிவுரை சொல்லவில்லை. ஏக்கம் தலைதூக்கும் அந்தச் சில நிமிடங்களுக்குப் பேச்சுத்துணை கிடைத்தது, அவ்வளவுதான். இடையில் ஒரு கல்யாண வீட்டில் பிடித்துவிட்டார். அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. மறுநாளும் டீ உள்ளேயே வந்தது. இப்போது அவர் பிடிப்பதில்லை.

இப்படி ஆட்கள் அமையாதவர்கள் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். மத்திய அரசு 2016இல் தொடங்கிய ஆலோசனைச் சேவை இது, தமிழிலும் பேசலாம். 2018 முதல் சிகரெட் பெட்டிகளிலேயே இந்த எண் அச்சாகிறது. ஆனால் ஒன்றிரண்டாக உதிரியில் வாங்குபவர் கண்ணில் பெட்டி படுவதேயில்லை. டீக்கடை, பேருந்து நிலையம், ரேஷன் கடைச் சுவர்களில் இந்த எண்ணைத் தமிழில் பெரிதாக எழுதிவைக்க உள்ளாட்சி அமைப்புகள் முன்வர வேண்டும்.

- ஒரு வாசகர், கோவை