உலகம் தெரிந்தவர் என்பதற்காக ஓட்டா?

2024 செப்டம்பரில் இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் வந்தபோது, ராயகிரியில் எங்கள் தெருமுக்கு டீக்கடையில் ஒரு வாரம் அதே பேச்சு. கடலுக்கு அந்தப் பக்கம் நடக்கிற தேர்தலுக்கு மலையடிவாரத்து ஊரில் என்ன அக்கறை என்று நினைக்க வேண்டாம். கொழும்பில் கடை வைத்திருந்தவர்களையும் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பியவர்களையும் உறவில் வைத்திருக்கும் குடும்பங்கள் தென் மாவட்டங்களில் ஏராளம். அன்று பெஞ்சில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ரணில் விக்கிரமசிங்க பக்கம் நின்றார்கள். எனக்கு மாமா முறை வேண்டிய ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார்: "ரணிலு ஒலகம் தெரிஞ்சவரு மாப்ள. மத்தவனெல்லாம் எங்கிட்டுப் போயி என்னத்தப் பேசுவான்?"

மாமா மட்டும் சொன்ன வாதம் அல்ல இது. ரணிலை ஆதரித்தவர்கள் அந்தத் தேர்தல் முழுக்க இதைத்தான் சொன்னார்கள். திவாலான நாட்டை சர்வதேச நாணய நிதியத்திடம் பேசி மீட்டவர் அவர். எதிர்த்து நிற்கும் அநுர குமார திசாநாயக்கவுக்கு அனுபவம் இல்லை, வந்தால் இந்தியா பகையாகும். சின்ன நாட்டை ஆள முதல் தகுதி வெளியுறவு ஞானம். மூன்றையும் நான் ஏற்கவில்லை. அன்றைக்கு டீ ஆறுவதற்குள் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

மீட்ட கதையின் தேதிகளை முதலில் பார்ப்போம். வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று இலங்கை அறிவித்தது 2022 ஏப்ரல் 12. நாணய நிதியத்துடன் பேச அன்றைய நிதி அமைச்சர் அலி சப்ரி வாஷிங்டன் போனது அதே ஏப்ரலில். ரணில் பிரதமரானது மே 12. இந்தியா 40 கோடி டாலர் நாணயப் பரிமாற்றம் கொடுத்தது ஜனவரியில். எரிபொருளுக்கு 50 கோடி டாலர் கடனுதவி பிப்ரவரியில். உணவுக்கும் மருந்துக்கும் 100 கோடி டாலர் மார்ச்சில். அந்த ஆண்டு இந்தியா செய்த உதவி எல்லாம் சேர்ந்து சுமார் 400 கோடி டாலர். அதற்குக் கதவு திறந்தபோது ரணில் எதிர்க்கட்சி வரிசையில், தம் கட்சியின் ஒரே உறுப்பினராக உட்கார்ந்திருந்தார். தமிழ்நாடு 40,000 டன் அரிசியும் பால்பவுடரும் மருந்தும் அனுப்ப முடிவெடுத்ததும் ஏப்ரலிலேயே. யாருடைய வெளியுறவு ஞானத்தையும் பார்த்து அந்த அரிசி கப்பல் ஏறவில்லை. அங்கே பால்பவுடருக்கு வரிசையில் நின்ற தாய்மார்களைப் பார்த்து ஏறியது.

நாணய நிதியம் சுமார் 300 கோடி டாலருக்கு ஒப்புதல் கொடுத்த 2023 மார்ச்சில் ரணில்தான் ஜனாதிபதி. ஒப்பந்தத்தை விடாமல் நடத்தியதும் அவர்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு அவருக்கு வேண்டியிருந்தது வரியை ஏற்றிவிட்டு மக்கள் கோபத்தைத் தாங்குகிற துணிவு. அது வெளியுறவுப் பாடத்தில் வருவதல்ல, வீட்டுக் கணக்கு.

நாடு விழுந்ததும் வீட்டுக் கணக்கில்தான். வெளியுறவு தெரியாததால் இலங்கை திவாலாகவில்லை. 2019 கடைசியில் கோட்டாபய ராஜபக்ச மதிப்புக்கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக வெட்டினார். அடுத்து கொரோனா வந்து சுற்றுலா வருமானம் நின்றது. 2021 மே மாதம் ரசாயன உரம், பூச்சிமருந்து இறக்குமதிக்குத் தடை போட்டார். நெல்லும் கரும்பும் போடுகிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பிசான நடவு நேரத்தில் ஒரு வாரம் யூரியா தட்டுப்பட்டாலே சொசைட்டி வாசலில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். ஒரு நாட்டுக்கே மொத்தமாக உரத்தை நிறுத்தினால்? விளைச்சல் விழுந்தது, அரிசி இறக்குமதி ஏறியது, கையிலிருந்த கொஞ்ச டாலரும் அதற்குப் போனது. நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்குள் அந்தப் பருவத்து விதைப்பு தொடங்கிவிட்டது. அந்த மே மாதம் அங்கே தேவைப்பட்டது வயலில் இறங்கிய ஒருவருடைய பேச்சைக் கேட்கும் காது.

இனி அந்தப் பெரிய நம்பிக்கைக்கு வருகிறேன்: உலகம் தெரிந்தவர் நாட்டைக் காப்பார் என்பது. இலங்கையில் இதற்கு ஒரு முழுச் சோதனையே நடந்து முடிந்திருக்கிறது. அவர் பெயர் ஜே.ஆர். ஜெயவர்த்தன. 1951 செப்டம்பரில் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் ஜப்பானிடம் போர் இழப்பீடு கேட்கப்போவதில்லை என்று எழுந்து பேசியவர். பகையைப் பகையால் தீர்க்க முடியாது என்ற புத்தரின் போதனையை உலகத் தலைவர்கள் முன் வைத்தார். அந்த ஒரு பேச்சுக்காக இன்றைக்கும் ஜப்பானியர்கள் அவரை மதிக்கிறார்கள். அதிகாரம் முழுவதையும் ஒருவர் கையில் கொடுக்கும் ஜனாதிபதி முறையை 1978இல் கொண்டுவந்தவரும் அவரே.

அவர் ஜனாதிபதியாக இருந்தபோதுதான் 1983 ஜூலை வந்தது. கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். கலவரம் 24ஆம் தேதி தொடங்கியது, அவர் நாட்டுக்கு உரையாற்றியது 28ஆம் தேதி. அந்த உரையில் செத்தவர்களுக்காக, வீடிழந்தவர்களுக்காக ஆறுதலாக ஒரு வார்த்தை இல்லை. ஜப்பானியர் மேல் இரக்கம் காட்டத் தெரிந்தவருக்குப் பக்கத்துத் தெருக்காரன் மேல் காட்டத் தெரியவில்லை. அதன் விளைவு அவருடைய வெளியுறவையும் விழுங்கியது. 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலங்களைப் போட்டபோது, அவர் நம்பியிருந்த மேற்கு நாடுகள் துணைக்கு வரவில்லை. ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. உள்ளே நெருப்பை வைத்துக்கொண்டு வெளியே எவ்வளவு நேர்த்தியாகப் பேசினாலும் புகை தெரியத்தான் செய்யும்.

ரணிலின் கதையும் வேறல்ல. 2002 பிப்ரவரியில் நார்வேயின் மத்தியஸ்தத்தோடு புலிகளுடன் போர்நிறுத்தம் செய்தார். 2003 ஜூனில் டோக்கியோவில் நன்கொடை நாடுகள் 450 கோடி டாலர் தருவதாகச் சொல்லின. உலகமே அவர் பக்கம் என்று பேசினார்கள். ஆனால் தெற்கில் சிங்கள கிராமத்துக்காரர்களிடம் அந்தச் சமாதானத்தை அவர் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. 2003 நவம்பரில் அவர் புஷ்ஷைப் பார்க்க வாஷிங்டன் போயிருந்த நேரத்தில் ஜனாதிபதி சந்திரிகா பாதுகாப்பு, உள்துறை, ஊடகம் என மூன்று அமைச்சுகளைத் தம் கைக்கு எடுத்துக்கொண்டார். ஐந்து மாதத்தில் தேர்தலும் வந்து பிரதமர் பதவியும் போயிற்று.

இப்போது எனக்கு எதிரான வலுவான வாதத்தை நானே எடுத்து வைக்கிறேன். மாமா அன்று இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் தடுமாறியிருப்பேன். மலையகத் தமிழர் விஷயம். 1948இல் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது இலங்கை. நேரு உலகமறிந்த ராஜதந்திரி. அவர்கள் இலங்கையின் பிரஜைகளே என்று கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. அவர் மறைந்து ஐந்து மாதத்தில், வெளியுறவில் அனுபவம் குறைந்த லால் பகதூர் சாஸ்திரி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவுடன் 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்துப் போட்டார். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று கணக்கு. ஞானம் இருந்தவர் காத்தார், இல்லாதவர் கொடுத்தார் என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் இதில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் யார் என்று பாருங்கள். சிறிமாவோ பண்டாரநாயக்க. 1959இல் கணவர் சுட்டுக் கொல்லப்படும்வரை எந்த அரசியல் பதவியும் வகிக்காத குடும்பப் பெண். 1960 ஜூலையில் உலகின் முதல் பெண் பிரதமர். 1962 இந்திய – சீனப் போர் முடிந்ததும் அணிசேரா நாடுகள் ஐந்தைக் கொழும்புக்கு அழைத்துச் சமரசம் பேசியவர். சாஸ்திரியிடம் தாம் வேண்டியதைப் பெற்றார். 1974இல், வங்கதேசப் போரை வென்று உலகமே திரும்பிப் பார்த்த இந்திரா காந்தியிடம் கச்சத்தீவையும் பெற்றார். பதவிக்கு வருமுன் வெளியுறவு ஞானம் இருந்தாக வேண்டும் என்றால் அவர் வந்தே இருக்கக் கூடாது. சிறிமாவோ செய்தது நமக்கு வலிக்கிறது. அவர் நாட்டுக்கு அவர் தோற்கவில்லை என்பதும் உண்மை.

நேரு விட்டுக்கொடுக்கவில்லை, சரி. ஆனால் பதினாறு ஆண்டில் அந்த மக்களுக்குக் குடியுரிமை வாங்கித் தரவும் அவரால் முடியவில்லை. சாஸ்திரியைச் சுற்றி வெளியுறவு அதிகாரிகள் இல்லாமலா இருந்தார்கள்? கணக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அந்த மக்களிடம் போய்க் கேட்டவர் ஒருவரும் இல்லை. கொழுந்து பறித்துப் பறித்து அந்த மலையை உண்டாக்கியவர்களை ஆளுக்கு இத்தனை என்று இரண்டு தலைநகரங்கள் பங்கு வைத்துக்கொண்டன. 1974இல் அந்த மிச்சம் 1,50,000 பேரையும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்தார்கள். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட், தம்பிக்கு இலங்கைக் குடியுரிமை. தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது அழுத அழுகையை அந்த வழியாக வந்தவர்கள் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களில் ஒரு பகுதிக்காக நீலகிரியில் 1968இல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள். இங்கேயும் அதே மலை, அதே கொழுந்துக் கூடை.

அங்கேயே தங்கியவர்களுக்குக் குடியுரிமை எப்படிக் கிடைத்தது? மலையகத் தலைவர் தொண்டமான் கட்டிவைத்திருந்த தொழிற்சங்கமும், கொஞ்சம் கொஞ்சமாகக் கையில் வந்த ஓட்டும்தான் 1988இலும் 2003இலும் இலங்கை நாடாளுமன்றத்தைச் சட்டம் இயற்ற வைத்தன. 2003இல் பிரதமராக இருந்தது ரணில். அந்த நன்மையை அவர் கணக்கில் எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை. அதுவும் உள்நாட்டு அரசியல் தந்ததே.

வெளிநாட்டு உதாரணம் வேண்டுமென்றால் அமெரிக்காவில் ட்ரூமன் இருக்கிறார். 1945 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் இறந்து அவர் ஜனாதிபதியானபோது, தம் நாடு அணுகுண்டு செய்துகொண்டிருக்கும் விவரமே அவருக்கு முழுதாகச் சொல்லப்பட்டிருக்கவில்லை. போரில் சிதைந்த ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்திய மார்ஷல் திட்டம் அவர் காலத்தது. அதற்குத் தம் பெயரை வைக்காமல் வெளியுறவு அமைச்சரின் பெயரை விட்டுவைத்தவர். இன்னொரு பக்கம், வெளியுறவுக் குழுவில் பழம் தின்று கொட்டை போட்டவரான பைடன் 2002இல் ஈராக் போருக்குச் சம்மதம் தெரிவித்து ஓட்டுப் போட்டார். பின்னாளில் அது தவறு என்று அவரே சொன்னார்.

அநுர வந்தால் இந்தியா பகையாகும் என்ற பயம் என்ன ஆயிற்று? பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1987 ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயுதம் தூக்கிய ஜே.வி.பி.தான் அவருடைய கட்சி. 2019 ஜனாதிபதித் தேர்தலில் அநுர பெற்றது 3 சதவீதம். 2024 செப்டம்பர் 21இல் 42 சதவீதம். ரணிலுக்கு 17. ஜனாதிபதியானதும் அநுர முதலில் போன நாடு இந்தியா, அந்த டிசம்பரிலேயே. இந்தியாவுக்கு எதிராக இலங்கை மண்ணைப் பயன்படுத்த விடமாட்டோம் என்று டெல்லியில் சொன்னார். அடுத்த மாதம் சீனாவும் போனார். 2025 ஏப்ரலில் மோடி கொழும்பு போனபோது இரு நாடுகளுக்கும் பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்பாடு கையெழுத்தானது. நாணய நிதியத் திட்டமும் நிற்கவில்லை. அதிகாரிகளும் தூதர்களும் அதே ஆட்கள்தான். ஞானம் அவர்களிடம் இருந்தது, கேட்டுக்கொண்டார்.

அவர் எல்லாம் சரியாகச் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. ராமேஸ்வரம் மீனவர் கைது ரணில் காலத்திலும் நிற்கவில்லை, இவர் காலத்திலும் நிற்கவில்லை. வடக்குத் தமிழர் கேட்கும் அதிகாரப் பகிர்வு அப்படியே கிடக்கிறது. இந்த இரண்டையும் வைத்து அவரை அளக்கலாம், அளக்கத்தான் வேண்டும். எத்தனை நாட்டுத் தலைவர்களோடு கைகுலுக்கினார் என்பதை வைத்து அல்ல.

நமக்கும் அடிக்கடி தேர்தல் வருகிறது. எந்தக் கட்சியாக இருந்தாலும், எங்கள் தலைவரை உலகமே மதிக்கிறது என்று சொல்லி ராயகிரிக்கு ஓட்டுக் கேட்டு வந்தால், மாமா, நீங்கள் அவர்களிடம் சொசைட்டியில் உரம் எப்போது வரும் என்று கேளுங்கள். கடலில் பிடிபட்டவர்களின் படகுகள் எங்கே என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவருக்கு ஓட்டுப் போடுங்கள்.