பழனியில் ஆபத்து யாருக்கு?

சில வருஷங்களாக நமது நாட்டில் எந்தப் பத்திரிகையைப் புரட்டினாலும், எந்த டெலிவிஷனைத் திருப்பினாலும், "மதத்திற்கு ஆபத்து", "முருகனுக்கு அவமதிப்பு" என்கின்ற கூச்சலே காதைத் துளைக்கின்றது. வைதிக நண்பர்கள் மூன்று குறைகள் சொல்லுகின்றார்கள். முதலாவது, இந்துக்களின் பக்தி நாலாபக்கமும் தாக்கப்படுகின்றது என்பது. இரண்டாவது, பத்திரிகைகள் நாஸ்திகர்கள் கையில் சிக்கிக்கொண்டு, பக்தர்கள் பக்கத்து நியாயத்தை மறைக்கின்றன என்பது. மூன்றாவது, ஆகையால் மதத்தைக் காப்பாற்றுகின்றவர்கள் கையிலேயே தேசத்தின் அரசியலை ஒப்புவிக்க வேண்டும் என்பது. இவைகளை நாம் வெறும் கேலி செய்து தள்ளிவிட விரும்பவில்லை. மூன்று கூச்சலும் கேட்ட ஊராகிய பழனியை வைத்தே மூன்றையும் உரைத்துப் பார்ப்போம்.

முதலில் பக்தியை எடுத்துக்கொள்ளுவோம். 2024-ம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி சென்னை ஐக்கோர்ட்டின் மதுரைக் கிளை ஒரு தீர்ப்புச் சொல்லிற்று. பழனி மலைக்கு வந்த வேற்று மதத்தார் சிலரைப் பற்றி எழுந்த தகராறே அவ்வழக்கிற்கு மூலம். கோயில் என்பது உல்லாசப் பயண ஸ்தலம் அல்லவென்றும், கொடிமரத்திற்கு அப்பால் இந்துக்கள் அல்லாதார் போகக்கூடாதென்று பலகை வைக்கவேண்டுமென்றும், வேற்று மதத்தார் எவரேனும் சாமி கும்பிட விரும்பினால் அந்தச் சாமியிடம் தமக்கு நம்பிக்கை உண்டென்றும், கோயில் வழக்கத்திற்குக் கட்டுப்படுவதாகவும் உறுதிமொழி கொடுக்கவேண்டுமென்றும், அவர்கள் பெயரைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றவேண்டுமென்றும் உத்திரவாயிற்று. பழனிக்கு மாத்திரமல்ல, அறநிலையத் துறைக் கோயில்கள் எல்லாவற்றிற்கும் இதே விதி என்றும் சொல்லப்பட்டது. வைதிகர்கள் இதைப் பெரிய வெற்றியாகக் கொண்டாடினார்கள்.

நாம் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். நாம் கடவுள் இல்லையென்று மேடைதோறும் பேசி வருகின்றவர்கள். நாளைக்கு நாம் பழனி மலை ஏறினால், நம்மைக் கொடிமரத்தண்டை நிறுத்தி, "உனக்கு இந்தச் சாமியிடம் நம்பிக்கை உண்டா?" என்று கேட்பார் உண்டா? நம்மிடம் உறுதிமொழிக் காகிதத்தை நீட்டுவார் உண்டா? கிடையாது. ஏனென்றால், நாம் பிறந்த வீடே நமக்கு நுழைவுச் சீட்டு. ஆனால், பிள்ளைக்குச் சுகமில்லையென்று நாகூருக்கும் நேர்ந்துகொண்டு, பழனிக்கும் நேர்ந்துகொண்டு வருகின்ற ஒரு முஸ்லிம் ஏழைத் தாய் இருப்பாளானால், அவள் மாத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போகவேண்டுமாம். நம்பிக்கையில்லாதவனுக்குத் தடையில்லை; நம்பிக்கையுள்ளவளிடம் சந்தேகம்! அப்படியானால் அந்தப் பலகை காவல் காப்பது பக்தியையா, பிறப்பையா? பக்தியை அளப்பதற்காகவே பலகை வைப்பதாயிருந்தால், முதலில் வெளியே நிற்கவேண்டியவர்கள் நாமல்லவா?

இன்னொரு சங்கதியும் கேளுங்கள். பழனிக்குத் தெற்கே மலைமேல் கொடைக்கானலில் குறிஞ்சியாண்டவர் கோயில் என்று ஒன்று இருக்கின்றது. வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து பார்த்தால் கீழே பழனிக் குன்று தெரியும். 1936-ல் அந்த முருகன் கோயிலைக் கட்டியவர், ஆஸ்திரேலியாவில் பிறந்து, இலங்கை சர். பொன்னம்பலம் இராமநாதன் அவர்களை மணந்து, லீலாவதி என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியார். இன்று அந்தக் கோயில் பழனி தேவஸ்தான நிர்வாகத்திலேயே இருக்கின்றது. அந்த அம்மையார் இந்து மதத்தைத் தழுவியவர் என்று வைதிகர்கள் பதில் சொல்லலாம். சரி, இருக்கட்டும். அவர் தழுவியதை எந்தக் காகிதத்தில் எழுதி எந்தக் குமாஸ்தாவிடம் கொடுத்தார்? அவருடைய தோலின் நிறத்தைப் பார்த்து, வாசலில் நிறுத்தி, பதிவுப் புத்தகத்தை நீட்டியிருந்தால், அந்த மலைமேல் அந்தக் கோயில்தான் எழும்பியிருக்குமா?

இந்தக் கயிறு புதிய கயிறு அல்ல. 1897-ல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் போனார்கள் என்பதற்காக வழக்குப் போடப்பட்டு, அது லண்டன் பிரிவி கவுன்சில் வரையில் சென்று, 1908-ல் அவர்களுக்கு அங்கே நுழைய உரிமையில்லை என்று முடிந்தது. அன்றைக்கும் சொல்லப்பட்ட காரணம் வழக்கந்தான். 1939 ஜூலை 8-ந் தேதி மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட தோழர்களும் ஒரு நாடாரும் அழைத்துச் செல்லப்பட்டபோது, கோயில் தீட்டாய்விட்டதென்று பட்டர்கள் சிலர் பூஜைக்கு வர மறுத்தார்கள். 1947-ல் சட்டம் வந்த பிறகுதான் வாசல் எல்லோருக்கும் சட்டப்படி திறந்தது. அன்று வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு, "உன் கோயிலுக்கு ஆபத்து, காவலுக்கு வா" என்கின்றார்கள் இன்று. கயிறு அதே கயிறுதான். பிடிக்கின்ற கை மாத்திரம் நம்முடைய கை!

காவலுக்குப் போகின்ற தோழரே! கொடிமரத்திற்கு வெளியே முஸ்லிமை நிறுத்தினீர். கருவறைக்கு வெளியே நிற்பது யார்? நீர்தானே? எல்லா ஜாதியாரும் அர்ச்சகராகலாம் என்று 2006-ல் உத்திரவு போட்டு, அதற்காகப் பயிற்சிப் பள்ளிகள் திறந்தார்கள். அதில் ஒன்று பழனியிலேயே இருந்தது. இருநூறு பேருக்கு மேல் படித்து வெளிவந்தார்கள். அவர்களில் 24 பேருக்கு வேலை உத்திரவு கிடைத்தது எப்பொழுது தெரியுமா? 2021 ஆகஸ்டு 14-ந் தேதி! இத்தனை வருஷம் அவர்களைக் கோர்ட்டு வாசலில் காக்கவைத்தவர்கள் முஸ்லிம்களா, கிறிஸ்தவர்களா?

"மசூதியிலும் சர்ச்சிலும் இப்படிக் கேட்பீர்களா?" என்று சிலர் மடக்குவதாக எண்ணிக்கொள்ளுகின்றார்கள். தாராளமாய்க் கேட்போம். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்த பிணத்திற்கும் ஜாதிச் சுவர் எழுப்பிய கிறிஸ்தவர்களை நாம் என்றைக்கும் மன்னித்ததில்லை. பெண்களைப் பின்னுக்குத் தள்ளுகின்ற முல்லாக்களையும் விட்டதில்லை. ஒருவன் வீட்டில் சாக்கடை ஓடுகின்றது என்பதற்காக நம் வீட்டுச் சாக்கடை பன்னீராகிவிடுமா? கோயிலுக்குள் போனால் மோட்சம் கிடைக்குமென்று நாம் யாரையும் அனுப்பவில்லை. மனிதனைப் பிறப்பைப் பார்த்து நிறுத்தாதே என்பதுதான் நம் கட்சி.

நிற்க, பத்திரிகை விஷயத்திற்கு வருவோம். பத்திரிகைகள் நாஸ்திகர் கையில் இருக்கின்றனவாம்! ராசிபலன் போடாத தமிழ்த் தினசரி எத்தனை? தினமணி வாரந்தோறும் பக்திக்கென்று வெள்ளிமணி போடுகின்றது. விகடன் ஆபீசிலிருந்து சக்தி விகடன், குமுதம் ஆபீசிலிருந்து பக்தி என்று தனித்தனிப் பத்திரிகைகளே கிளம்பின. இந்த நாட்டில் நாஸ்திகன் சொல்லை அச்சிடுவதற்குத்தான் தனிப் பத்திரிகை வேண்டியிருக்கின்றதேயொழிய, பக்தன் சொல்லுக்கு எந்தக் காலத்தில் பஞ்சம் வந்தது?

2024 செப்டம்பரில் திருப்பதி லட்டு நெய்யைப் பற்றி ஆந்திர முதல் மந்திரி ஒரு குற்றச்சாட்டுச் சொன்னார். சில நாளைக்குள் அந்தப் புகை பழனிப் பஞ்சாமிர்தத்தின் மேலும் கவிந்தது. ஆண்மையைக் கெடுக்கும் மாத்திரை பஞ்சாமிர்தத்தில் கலக்கப்பட்டதாகத் தாம் கேள்விப்பட்டதாக ஒரு சினிமா டைரக்டர் பேட்டியில் சொன்னார், கைது செய்யப்பட்டார். ருசு ஒன்றும் காட்டப்படவில்லை. ஆனால் பேச்சு மாத்திரம் ஊரெல்லாம் சுற்றிற்று. லட்டு வழக்கிலே, கடவுள்களை அரசியலுக்கு அப்பால் வையுங்கள் என்று சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகளே சொல்ல நேர்ந்தது. பக்தன் வாயில் போட்ட பிரசாதத்தின் மேலேயே சந்தேகத்தை விதைத்தவர்கள் கறுப்புச் சட்டைக்காரர்கள் அல்ல என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும்.

பஞ்சாமிர்தத்திற்கு உண்மையான ஆபத்து ஒன்று உண்டு. அதற்குப் பேர்போன பழம் விருப்பாட்சி மலைவாழை. கீழ்ப்பழனி மலையில் விளைவது. அந்த வாழையை முடிக்கொத்து நோய் பல வருஷங்களாய்த் தின்று வருகின்றது. இலை குறுகி, உச்சியில் கொத்தாகச் சேர்ந்து, குலை தள்ளாமலே மரம் வீணாய்ப் போகும். அசுவினிப் பூச்சியாலும் நோய் பிடித்த கன்றாலும் அது பரவுகின்றது. அந்நோயினால் தோட்டம் அழிந்து, வாழையை விட்டு வேறு பயிருக்குப் போன குடியானவர்கள் அனேகர். இல்லாத மாத்திரைக்கு அழுத பெரிய மனிதர்களில் எத்தனை பேர் செத்துப்போன வாழைக்கு அழுதார்கள்? அதற்காக வேல் தூக்கியவர் யார்?

மலைமேல் கொடைக்கானலில் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஒன்று அங்கே இருந்தது. அது இந்துஸ்தான் லீவர் கம்பெனி வசம் இருந்தபோது, 2001-ல், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் கிடப்பது வெளிப்பட்டது. ஊரார் திரண்டார்கள், ஆலை மூடப்பட்டது. தொழிலாளர்களின் வியாதிக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்றே கம்பெனியார் சொல்லி வந்தார்கள். முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு ஒப்பந்தம் ஏற்பட்டது 2016-ல். பதினைந்து வருஷம்! இடையில் சில பத்திரிகைகள் எழுதின என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 2015-ல் ஒரு தமிழ்ப் பெண் அதைப் பாட்டாய்ப் பாடி இண்டர்நெட்டில் விட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. முருகனைப் பற்றி எவனாவது ஒரு வார்த்தை பேசினால் அன்று சாயங்காலமே டெலிவிஷனில் நாலு பேர் கத்துகின்றார்கள். முருகனுடைய மலையில் பாதரசம் கலந்ததற்குப் பதினைந்து வருஷம் கத்தினாலும் காது கேட்பதில்லை. பத்திரிகை மறைப்பது யார் பக்கத்து நியாயத்தை?

மூன்றாவது, தேச அரசியல். 2020-ல் கந்த சஷ்டி கவசத்தைப் பற்றிய ஒரு வீடியோவினால் கலகம் மூண்டது. அதைப் பிடித்துக்கொண்டு பாரதீய ஜனதா கட்சி நவம்பர் 6-ல் திருத்தணியில் தொடங்கி டிசம்பர் 6-ல் திருச்செந்தூரில் முடிப்பதாக வேல் யாத்திரை என்று புறப்பட்டது. டிசம்பர் 6 என்பது பாபர் மசூதி இடிக்கப்பட்ட தேதி என்பதை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வேல் பிடித்த தலைவர் 2021 தேர்தலில் பழனிக்குப் பக்கத்துத் தாராபுரத்தில் நின்று தோற்றார். இரண்டே மாதத்தில் டில்லியில் மந்திரியானார். வேலினால் பக்தனுக்குக் கிடைத்தது என்னவென்று பக்தர்களே சொல்லட்டும்.

ஆனால் ஒருவரை மாத்திரம் குற்றம் சொல்லுவது யோக்கியமாகாது. 2021 ஜனவரியில் அண்ணா தி.மு.க. ஆட்சி தைப்பூசத்திற்கு லீவு விட்டது. அதே மாதம் தி.மு.க. தலைவர் கையிலும் வெள்ளி வேல் ஏறிற்று. 2024 ஆகஸ்டில் தி.மு.க. சர்க்காரே பழனியில் முத்தமிழ் முருகன் மாநாடு கூட்டி, மாணவ மாணவியரைக் கொண்டு கந்த சஷ்டி பாராயணம் செய்விக்கத் தீர்மானம் போட்டது. நம்முடைய இயக்கத்தின் பெயரைச் சொல்லிப் பதவிக்கு வந்தவர்கள் செய்தார்கள் என்பதற்காக நாம் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா? எதிரியின் ஆயுதத்தைப் பிடுங்கிவிட்டதாக அவர்கள் எண்ணினார்கள். 2025 ஜூன் 22-ந் தேதி மதுரையில் இந்து முன்னணி கூட்டிய முருக பக்தர் மாநாட்டில் பெரியாரையும் அண்ணாவையும் இழித்துப் படம் காட்டினார்கள். பிடுங்கிய ஆயுதம் பயன்பட்ட லட்சணம் இதுதான்! சனாதனியோடு பக்தியில் பந்தயம் ஓடுகிறவன் சனாதனிக்குத்தான் பாதை போட்டுக் கொடுக்கின்றான்.

தோழர்களே! பாதயாத்திரையாய் நடந்து, காவடி தூக்கி, தலை மொட்டையடித்து வருகின்ற ஏழை பக்தனை நாம் பகைக்கவில்லை. அவன் நம் அண்ணன், நம் மாமன். அவனுடைய காசு வீணாகின்றதே, அவனுடைய கோபத்தை வேறொருவன் ஓட்டாக மாற்றிக்கொள்ளுகின்றானே என்பதுதான் நம் விசாரம். இனிமேல் எவனாவது பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வந்து, "மதத்திற்கு ஆபத்து" என்று சொன்னால், அவனை மூன்றே மூன்று கேளுங்கள். ஆபத்து எங்கே, கண்ணால் கண்டது யார்? இந்தச் செய்தியால் லாபம் யாருக்கு? இதே மலையில் இருக்கின்ற எங்கள் வாழைக்கும், எங்கள் தண்ணீருக்கும், எங்கள் கூலிக்கும் உன் பத்திரிகையில் இடம் எங்கே? இதற்குப் பதில் வருகின்ற வரையில் ஒருவரும் கொடிமரத்துக் காவலுக்குப் போகவேண்டாமென்று வணக்கமாய்க் கேட்டுக்கொள்ளுகின்றோம்.